தடுப்புக் காவல்: அருகிலிருந்து பார்த்தவர்கள் சொல்வது

மொழிபெயர்ப்பாளர்

இனிக் குற்றம் செய்யக்கூடும் என்ற அச்சத்தில் ஒருவரை விசாரணையின்றி அடைத்துவைப்பதே தடுப்புக் காவல். அத்தகைய வழக்குகளை நடத்திவந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் 11 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரை அடைத்தால், அதற்கான காரணங்களை 5 நாள்களுக்குள், தவிர்க்க முடியாத சூழலில் 15 நாள்களுக்குள், அவரிடம் தெரிவிக்க வேண்டும். காரணங்களும் அவற்றுக்கு ஆதாரமான ஆவணங்களும் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கப்படும். அப்படியொரு கட்டோடு நான் சிறைக்குச் சென்ற நாள் இன்னும் மறக்கவில்லை. உள்ளே இருந்தவருக்குத் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரியும். கட்டிலோ ஆங்கிலமும் தமிழும்தான் இருந்தன. ‘படித்துக் காட்டி விளக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. நான் வரிவரியாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தேன். 40-ஆம் பக்கத்தை ஒட்டி ஒரு தேதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். சதி ஆலோசனை நடந்ததாகக் குறிப்பிடப்பட்ட அந்த நாளில் தாம் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததாகவும், அதற்கான சீட்டு வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே அவர் பெயரில் அரசுக்குப் போயிருந்த முறையீட்டில் ‘நான் தவறு செய்யவில்லை, விடுதலை செய்யுங்கள்’ என்பதைத் தவிர எதுவும் இல்லை. எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே தெரியாதவர் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

வாய்மொழியாக விளக்கியது போதாது, கைதிக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 1962-இலேயே ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்படி, நான் சிறையில் சந்தித்தவரின் தடுப்பு ஆணை ரத்தானபோது, சிறு ஓட்டையைக் காட்டி வெளியே வந்துவிட்டார் என்று பலர் பேசினார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். குற்றம் சாட்டிக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் கைதானவருக்கு உரிமை உண்டு. தடுப்புக் காவலில் இவை இரண்டையும் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவே விலக்கிவிடுகிறது. வெளியிட்டால் பொதுநலனுக்குக் கேடு என்று கருதும் தகவலை மறைத்துக்கொள்ளவும் அரசுக்கு இடம் தருகிறது. ஆக, நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய இடத்தைச் சட்டம் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டது. விசாரணையின்றி 12 மாதங்கள் வரை அடைக்கப்படக்கூடியவருக்கு எஞ்சுவது, காரணத்தை அறிந்து முறையிடும் உரிமையும், சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரி நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவும்தான். நெருக்கடிநிலை நடப்பில் இருந்த 1976 ஏப்ரலில் அந்த மனுவும் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார். அந்த நாள்களில் சிறையில் இருந்தவர் எங்கள் மூத்த வழக்கறிஞர். எந்தக் கட்டு வந்தாலும் மொழியையும் தேதிகளையும்தான் அவர் முதலில் பார்ப்பார்.

ஓய்வுபெற்ற அரசு அலுவலர்

நான் எதிர்ப்பக்கத்தில், தடுப்பு ஆணைக்கான கோப்புகளைத் தயாரிக்கும் பிரிவில், பணியாற்றியவன். அச்சம் எப்போதும் கற்பனை அல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். இரு தரப்பு மோதலில் ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இன்னார் இன்று இரவு ஆள் திரட்டுகிறார் என்று நம்பத் தகுந்த தகவல் வரும். அதைச் சொன்னவரை நீதிமன்றக் கூண்டில் ஏற்றினால் அவர் உயிருக்கு உத்தரவாதம் இராது. அத்தகைய இரவுகளுக்காகத்தான் இந்தச் சட்டம் இருக்கிறது என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அவசரத்தில் பழைய கோப்பின் பத்திகளை அப்படியே எடுத்துப் புதிய கோப்பில் போடும் வழக்கம் எங்களிடம் இருந்தது. ஒருமுறை, முன்பு வேறொரு வழக்கில் அடைக்கப்பட்டவரின் தந்தை பெயர் புதிய ஆணையில் அப்படியே நின்றுவிட்டது. அதிகாரி கோப்பை மனம் செலுத்திப் படிக்காமலேயே கையொப்பமிட்டிருக்கிறார் என்று நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. என் பணிக்காலம் முழுவதிலும் நான் உண்மையாகவே அஞ்சிய மிகச் சிலருள் ஒருவர் அன்று வெளியே வந்தார். உரிமைகளைக் காக்கும் விதிகள் எங்கள் கையைக் கட்டுகின்றன என்று அலுவலகத்தில் புலம்பியவர்களுள் நானும் ஒருவன். அந்த விதிகளைக் கவனத்தோடு பின்பற்றியிருந்தால் அந்த ஆணை நின்றிருக்கும். சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகாவது, பிணையை எதிர்த்து வாதாடினால் போதாதா என்ற கேள்வியை ஒவ்வொரு கோப்பிலும் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். சில கோப்புகளில்தான் எழுதினோம்.

கைதி ஒருவரின் அக்கா

தடுப்புக் காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் என் தம்பியை நிறுத்திய நாளில் நானும் போயிருந்தேன். வழக்கறிஞர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நீதிபதிகள் கேள்வி கேட்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். பத்து நிமிடத்தில் வெளியே வந்தவன், எதையும் சொல்லவில்லை அக்கா என்று மட்டும் சொன்னான். வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம் என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981 டிசம்பரிலேயே கூறியிருந்ததை, அவன் விடுதலையாகி நெடுநாள் கழித்துத்தான் அறிந்தேன். தேதிகள் எனக்கு மனப்பாடம்; அவனுடைய வேலைப் பதிவேட்டின் நகலும் கைப்பையில் இருந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடமோ உள்ளே நின்ற அவனிடமோ, நான் வரலாம் என்று எவரும் சொல்லவில்லை.