மெடூசாவின் தலையும் குடியாத்தத்துச் சிரசும்: ஓர் ஐயம்

கவுண்டன்யக் கரை:
ஒவ்வோர் ஆண்டும் வைகாசி முதல் நாளன்று குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் செல்வது எங்கள் குடும்ப வழக்கம். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசு, வழிநெடுகச் சூறைத் தேங்காய்கள் சிதற ஊர்வலமாக வந்து கெங்கையம்மன் கோயிலில் உடலோடு பொருத்தப்படும்போது, கூட்டத்தில் நின்ற என் மகள், "அப்பா, மெடூசாவின் தலையும் இப்படித்தானா?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் அண்மையில் கிரேக்கக் கதைகளில் மூழ்கியிருக்கிறாள்; பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புக் கூந்தல் மெடூசா அவற்றில் வருபவள். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று அவள் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. மெடூசா பிறவியிலேயே அரக்கியா, சாபத்தால் அப்படி ஆனவளா? வெட்டுண்ட தலைக்கு எப்படி ஆற்றல் எஞ்சியது? மகன் பரசுராமனால் தலை வெட்டுண்ட நம் ரேணுகையின் கதைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோட்டை அகழி:
உங்கள் முதல் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு; இரண்டும் பழையவையே. கி.மு. 700 அளவில் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெசியட், கோர்கன்கள் என்னும் மூன்று சகோதரிகளில் மெடூசா ஒருத்தி மட்டுமே சாகும் இயல்புடையவள் என்றும், வசந்த மலர்கள் நிறைந்த புல்வெளியில் கடல் தெய்வமான போசைடன் அவளோடு கூடினான் என்றும் சொல்கிறார். சாபம் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்து எழுதிய ரோமானியக் கவிஞர் ஓவிட்தான், கூந்தல் அழகுக்குப் பெயர்பெற்ற பெண்ணாக அவளைக் காட்டி, மினர்வாவின் (கிரேக்கரின் அத்தீனா தேவி) கோயிலுக்குள்ளேயே நெப்டியூன் (கிரேக்கரின் போசைடன்) அவளைக் கெடுத்தான் என்றும், சினந்த மினர்வா குற்றமிழைத்தவனை விட்டுவிட்டு அவளுடைய கூந்தலைப் பாம்புகளாக மாற்றினாள் என்றும் எழுதினார். சிறுவர் நூல்கள் இந்த அநீதியை மழுப்பிவிடுகின்றன. உங்கள் மகளின் வயதுக்கேற்ற சொற்களில் அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மெடூசாவைக் கொன்ற கிரேக்க வீரன் பெர்சியஸ் வெட்டிய கழுத்திலிருந்து பெகாசஸ் என்னும் சிறகுக் குதிரையும் கிரைசயோர் என்னும் மகனும் பிறந்தனர். பார்த்தவரைக் கல்லாக்கும் ஆற்றல் தலையில் அப்படியே நின்றது. தன் தாயைத் துன்புறுத்திய பாலிடெக்டீஸ் மன்னனை அத்தலையைக் காட்டியே கல்லாக்கிய பெர்சியஸ், பின்னர் அதை அத்தீனாவுக்குக் கொடுக்க, அவள் தன் மார்புக் கவசத்தில் பதித்துக்கொண்டாள். கிரேக்கர்கள் அந்த முகத்தைக் கேடயங்களிலும் கோயில்களிலும் காவலாக அமைத்தார்கள். கி.மு. 580 அளவில் கோர்ஃபு தீவில் கட்டப்பட்ட ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பில், இரு பிள்ளைகளோடும் அவள் பெரிதாகச் செதுக்கப்பட்டிருக்கிறாள். நாம் புதுவீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பொம்மையும், கோயில்களில் நாம் காணும் கீர்த்திமுகமும் செய்கிற வேலை இதுவே.

படவேட்டுப் பக்கம்:
ஐயா அவர்கள் சொன்னது மெடூசாவுக்குப் பொருந்தும். ஆனால் அம்மன் சிரசை அந்த வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. படவேடு ரேணுகாம்பாள் சந்நிதியில் நிற்கும் எங்களுக்கு அது தாயின் முகம். கண்ணேறு கழிக்க வைத்த முகமன்று. பெர்சியஸ் கொன்றது, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாது உறங்கிக்கிடந்த ஓர் அயலாளை. பரசுராமன் தந்தையின் ஆணைக்காகத் தன்னைப் பெற்றவளையே வெட்டி, உடனே அவள் உயிரையே வரமாகக் கேட்டவன். அங்கே தலை உடலோடு மீண்டும் சேரவே இல்லை. இங்கே, நம் பக்கத்தில் வழங்கும் கதைப்படி, வேறொரு பெண்ணின் உடலோடாவது சேர்ந்து தெய்வமாக எழுகிறது. அந்தச் சேர்க்கைதான் திருவிழா.

நிழலையும் கவனியுங்கள். நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைக் கண்டதனால் ரேணுகை கெட்டாள். மெடூசாவை நேரில் பாராமல் கேடயத்தில் தெரிந்த அவள் நிழலை மட்டும் பார்த்ததனால் பெர்சியஸ் பிழைத்தான்.

ஒப்புமை வேண்டுமென்றால் முகத்தைவிட இரத்தத்தில் தேடலாம். மெடூசாவின் வலப்பக்க இரத்தம் இறந்தவரை எழுப்பும், இடப்பக்க இரத்தம் கொல்லும் என்றும், அத்தீனா இரண்டையும் மருத்துவத் தெய்வமான அஸ்கிலிபியசுக்குக் கொடுத்தாள் என்றும் ஒரு மரபு உண்டு. அம்மை முத்தைப் போடுபவளும் இறக்குபவளும் மாரியே என்று நாம் சொல்வதற்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது!

ஆர்க்காட்டு மாணவர்:
தொடர்பு பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அரிக்கமேட்டில் ரோமானிய மட்பாண்டங்கள் கிடைத்திருப்பதால் வணிகம் நடந்தது உறுதி. ஆனால் கதை கப்பலேறி வந்தது என்பதற்கு அது சான்றாகாது. ரேணுகை கதை மகாபாரத வனபர்வத்திலேயே இருக்கிறது. இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை என்று கொள்வதே பொருத்தம்.

கவுண்டன்யக் கரை:
மூவருக்கும் நன்றி. நிழல் பற்றிய பகுதியை மகளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மெடூசாவின் அக்கா தங்கை இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று இப்போது கேட்கிறாள்.

கோட்டை அகழி:
சாவில்லாத அவ்விருவரும் பெர்சியசைத் துரத்தினார்கள். அணிந்தவரை மறைக்கும் ஹேடீசின் (பாதாளத் தெய்வம்) தொப்பியை அணிந்திருந்த அவன் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. அப்போது அவ்விருவரில் ஒருத்தியான யூரியேல் கதறி அழுத குரலைக் கேட்ட அத்தீனா, அந்த அழுகையை அப்படியே இசையாக்கவே ஆவ்லோஸ் குழலைப் படைத்தாள் என்று கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடியிருக்கிறார். நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுவது அது.