தறியின் ஓசையைக் கொண்டு ஒலிச்சிற்பம்

கேள்வி (நல்லூர்):
பார்வையாளர் மிதிபலகையை மிதித்ததும் ஒலியெழுப்பும் சிற்பமொன்றைப் பழைய கைத்தறிப் பாகங்களால் அமைத்து, யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்க எண்ணுகிறேன். தறியின் ஓசையே போதுமா, செயற்கை ஒலியும் வேண்டுமா?

மறுமொழி 1:
1804 இல் பிரான்சின் ஜக்கார்டு உருவாக்கிய, துளையிட்ட அட்டைகளால் நெசவு வடிவத்தைக் கட்டுப்படுத்தும் தறிப்பொறியில், அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புக, அதனோடிணைந்த கொக்கி பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை) உயர்த்தும். துளையில்லாவிடில் கொக்கி விலகி நிற்கும். நூலுக்குப் பதிலாகச் சிறு சுத்தியலைப் பிணைத்தால் அட்டையே இசைக்குறிப்பாகிவிடும்; பார்வையாளரையே துளையிடவும் விடலாம்.

மறுமொழி 2:
செயற்கை ஒலி வேண்டாம் என்பேன். ஜோன் கே 1733 இல் காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா (குறுக்கு நூலைச் சுமந்து தறியில் பக்கத்துக்குப் பக்கம் ஓடும் கருவி), தறியோரப் பெட்டியில் மோதும் ஓசையே கம்பீரமானது. மரச்சட்டத்தில் பீசோ உணரியை (அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிறு வில்லையை) ஒட்டி ஒலிபெருக்கியுடன் இணையுங்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்குமாதலால், கொக்கிகள் பித்தளையாக இருக்கட்டும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அட்டை முறையையே முதலில் முயல்கிறேன்.