‘ஐ ரிமெம்பர்’ என்று தொடங்கிவிட்டு முழிக்கிறேன்: ஞாபகம், மறதி, கவலை, கோபம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நிலாவெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சீசனுக்கு வெளிநாட்டுக்காரர் நிறைய வருவார்கள். அறை, சாப்பாடு, புறாத்தீவுக்குப் படகு, டொல்பின் பார்க்கப் போகிற நேரம் இதெல்லாம் ஆங்கிலத்தில் கதைக்க எனக்குக் கஷ்டமில்லை. மனசு சம்பந்தமான கதை வந்தால்தான் தடுமாறிப் போகிறேன்.

போன மாதம் ஒரு வயதான அம்மா வந்து தங்கினார். கணவரோடு வருடா வருடம் வந்தவர், இந்த முறை தனிய வந்திருந்தார். கணவர் மார்கழியில் தவறிவிட்டாராம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே அதைச் சொன்னார். எனக்குச் சரியான கவலையாகப் போய்விட்டது, ‘ஐ ஆம் வெரி வொரிட்’ என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘டோன்ட் வொரி அபவுட் மீ, டியர்’ என்று என் கையைத் தடவிக் கொடுத்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், கடைசியில் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு சுனாமியைப் பற்றிக் கேட்டார். 2004இல் எனக்கு ஏழு வயது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா நாளும்கூட. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினதும், ஒரு செருப்பு கழன்று விழுந்ததும், கடலைப் பார்க்காமல் செருப்பு செருப்பு என்று நான் அழுததும் இன்னும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. அதைச் சொல்ல நினைத்து ‘ஐ ரிமெம்பர் டு ரன்’ என்று தொடங்கினேன், அவர் முகத்தைப் பார்த்தால் விளங்கின மாதிரித் தெரியவில்லை, அதோடு நிறுத்திவிட்டேன்.

இன்னும் இரண்டு உண்டு. காலை ஐந்து மணிப் படகுக்கு எழுப்பி ஞாபகப்படுத்துகிறேன் என்பதற்கு ‘ஐ வில் ரிமெம்பர் யூ அட் ஃபைவ்’ என்றேன், அந்த ஆள் சிரித்துவிட்டார். வேறொருவர் முதல்நாள் எங்கள் பெடியனிடம் கத்திவிட்டு, அடுத்த நாள் வந்து ‘ஐ லொஸ்ட் மை டெம்பர்’ என்றார். கோபம் போய்விட்டது என்கிறார் என்று நினைத்து நான் ‘வெரி குட்’ என்று சொல்லிவிட்டேன். யாராவது விளக்கமாகச் சொல்லித் தாருங்கள்.

திருமலை ரீச்சர், ஓய்வு:

மகள், நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இதே பிழைகளை எத்தனையோ கொப்பிகளில் சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன், ஏன் வருகின்றன என்று யாருக்கும் ஆறுதலாக இருந்து விளக்கியது குறைவு.

முதலில் கவலை. தமிழ்நாட்டில் கவலை என்றால் பெரும்பாலும் என்ன ஆகுமோ என்ற யோசனை. நம் பக்கத்தில் துக்கத்துக்கும் அதே சொல்தான், செத்த வீட்டுக்குப் போய் வந்தாலும் ‘கவலையாக இருக்கு’ என்போம். ஆங்கிலத்தில் ‘வொரி’ இனி வரப்போகிறதை நினைத்து வருகிற பயம் மட்டும்தான். நடந்து முடிந்த இழப்புக்கு ‘ஐ ஆம் ஸோ சொரி’ என்பதே போதும். சொரி மன்னிப்புக்கு மட்டும் உரிய சொல் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது துக்கத்தில் பங்கெடுக்கிற சொல்லும்தான். ‘ஐ ஆம் சொரி ஃபொர் யுவர் லொஸ்’ என்றால் இன்னும் முறையாக இருக்கும்.

அடுத்தது ரிமெம்பர். பின்னால் ‘டு’ வந்தால் ஒரு வேலையை மறக்காமல் செய்வது. ‘ஐ ரிமெம்பர்ட் டு லொக் த டோர்’ என்றால் கதவைப் பூட்ட மறக்கவில்லை. பின்னால் ‘இங்’ வந்தால் முன்பு நடந்தது மனதில் இருப்பது. ‘ஐ ரிமெம்பர் லொக்கிங் த டோர்’ என்றால் பூட்டினது ஞாபகம் இருக்கிறது. ஃபொர்கெட்டும் இப்படித்தான். ஆகவே நீங்கள் சொல்ல வேண்டியது ‘ஐ ரிமெம்பர் ரன்னிங்’. ‘டு ரன்’ என்றபோது, ஓட மறப்பதில்லை என்பது போல அவருக்குக் கேட்டிருக்கும், பாவம். அம்மா இழுத்ததற்கு ‘ஐ ரிமெம்பர் மை மதர் புல்லிங் மீ பை த ஹேண்ட்’. செருப்பை ‘ஸ்லிப்பர்’ என்று சொல்ல வேண்டாம், இங்கிலாந்தில் அது வீட்டுக்குள் போடுகிற மெத்தென்ற செருப்பு. நம் ரப்பர் செருப்புக்கு அவர்கள் சொல்வது ‘ஃப்ளிப்-ஃப்ளொப்’.

தனக்கு ஞாபகம் இருப்பது ரிமெம்பர், இன்னொருத்தருக்கு ஞாபகப்படுத்துவது ரிமைண்ட். ‘ஐ வில் ரிமைண்ட் யூ அட் ஃபைவ்’. இது பழக்கத்தில் வந்துவிடும்.

டெம்பர் விஷயத்தில் உங்களில் பிழையில்லை, அந்தச் சொல்லே அப்படி. அளவாகக் கலப்பது என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது, பழைய பொருளில் ‘டெம்பர்’ என்றால் மனம் சமநிலையில் இருப்பது. அதனால்தான் அதை ‘லூஸ்’ பண்ணுகிறார்கள், நாம் நிதானம் இழந்தேன் என்கிற மாதிரியே. ‘கீப் யுவர் டெம்பர்’ என்றால் பொறுமையாக இருங்கள். ஆனால் ‘ஹீ ஹேஸ் அ டெம்பர்’ என்றால் ஆள் கோபக்காரன்! பழைய பொருளும் புதுப் பொருளும் ஒரே சொல்லுக்குள் இருந்தால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்.

கிண்ணியாக்காரன்:

தங்கச்சி, நான் கட்டாரில் ஒன்பது வருடம் ஹோட்டல் வேலை செய்துவிட்டு வந்தவன். ரீச்சர் இலக்கணம் சொல்லிவிட்டார், வேலைக்கு உதவுகிற சில பேச்சு வழக்குகளை நான் சொல்கிறேன்.

தமிழில் நமக்கு ஞாபகம் வரும், கோபம் வரும், அழுகை வரும். எல்லாம் தானாக நம்மிடம் வருகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஐ’ போட்டு நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கேதான் நமக்கு இடறுகிறது. ஆனால் நம் மாதிரியே ஓடுகிற வழக்குகளும் அவர்களிடம் உண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டால் வாய் தானாகத் திறக்கும். ‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’ என்றால் மனசை விட்டு நழுவிப் போச்சு. ‘இட்ஸ் ஒன் த டிப் ஒஃப் மை டங்’ அப்படியே நம் நுனி நாக்கில் நிற்கிறதுதான். பெயரைக் கேட்டதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் ‘இட் ரிங்ஸ் அ பெல்’, ஓரளவுதான் ஞாபகம் என்பது அதிலேயே அடங்கிவிடும். ஆனால் ஒன்று, விருந்தாளி கேட்ட துவாயைக் கொடுக்க மறந்தால் ‘ஸ்லிப்ட் மை மைண்ட்’ மட்டும் சொல்லாதீர்கள், முன்னால் சொரி போடுங்கள். இல்லாவிட்டால் பழி என்மேல் இல்லை என்கிற மாதிரிக் கேட்கும். எனக்கு ஒரு மேற்பார்வையாளர் நாலு பேருக்கு முன்னால் வைத்து அதைச் சொல்லித் தந்தார், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

குடையை மறந்து வைத்துவிட்டு வந்தால் ‘ஐ ஃபொர்கொட் மை அம்ப்ரெல்லா’ சரி. எந்த இடத்தில் என்று சேர்த்துச் சொன்னால் ‘ஐ லெஃப்ட் இட் இன் த வேன்’, அங்கே ஃபொர்கெட் வராது. அப்புறம், பாடமாக்கினேன் என்பதற்கு ‘ஐ பைஹார்ட்டட்’ என்று நம் ஆட்கள் சொல்வது வெள்ளைக்காரருக்கு விளங்காது, ‘ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்’ என்று சொல்லுங்கள். ‘மூட் அவுட்’டும் அப்படித்தான், ‘அப்செட்’ என்றால் புரிந்துகொள்வார்கள்.

தம்பலகாமம் அக்கா:

நான் உளவளத்துணை வேலையில் இருப்பவள். அந்த அம்மாவின் கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நெஞ்சுப் பாரத்தை இறக்குவது என்று நாம் சொல்வதும் ‘கெட் இட் ஒஃப் மை செஸ்ட்’ என்று அவர்கள் சொல்வதும் ஒரே படம்தான். உள்ளேயே அடக்கி வைப்பது ‘பொட்டில் அப்’, போத்தலில் அடைத்து மூடி போடுகிற மாதிரி. ‘ஸ்டிஃப் அப்பர் லிப்’ என்று ஒன்று இருக்கிறது, அழுகை வரும்போது உதடு துடிக்குமல்லவா, அதைத் துடிக்க விடாமல் இறுக்கி வைத்திருப்பது. ஆங்கிலேயரின் குணம் என்று பெயர் எடுத்தாலும் அச்சில் முதலில் காணப்படுவது அமெரிக்காவில்தான், 1800களின் தொடக்கத்தில்.

தங்கச்சி, இதை மட்டும் கவனமாக வைத்திருங்கள். ‘கெட் ஓவர்’ என்பதைக் காய்ச்சல், தடிமனுக்குச் சொல்லலாம். துணையை இழந்த ஒருவரிடம் ‘யூ வில் கெட் ஓவர் இட்’ என்றால் அவரை மறந்துவிடுவீர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ‘புல் யுவர்செல்ஃப் டுகெதர்’ரும் வேண்டாம், அது அழுகிறவரை அதட்டுகிற பேச்சு. ‘கம் டு டேர்ம்ஸ் வித்’ என்று ஒன்று உண்டு, இழப்பு இழப்பாகவே இருக்கும், அதோடு வாழப் பழகுவது. அதையும் அவர்கள் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நாமாகச் சொல்லக் கூடாது. எதுவும் வாயில் வராவிட்டால் ‘டெல் மீ அபவுட் ஹிம்’ என்று கேளுங்கள். அவர் பேசுவார், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

நிலாவெளிப் பிள்ளை:

ரீச்சர், அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. அந்த அம்மா போகும்போது மின்னஞ்சல் முகவரி தந்துவிட்டுப் போனார். நேற்று இரவு இருந்து எழுதினேன், அனுப்ப முதல் பார்த்துச் சொல்லுங்கள்:

‘ஐ ஆம் ஸோ சொரி அபவுட் யுவர் ஹஸ்பண்ட். ஐ ரிமெம்பர் ஹிம் சிட்டிங் அண்டர் த கோகனட் ட்ரீ வித் ஹிஸ் புக். யூ ஆஸ்க்ட் மீ அபவுட் த சுனாமி. ஐ ரிமெம்பர் மை மதர் புல்லிங் மீ பை த ஹேண்ட், அண்ட் ஐ ரிமெம்பர் க்ரையிங் ஃபொர் மை ஃப்ளிப்-ஃப்ளொப்.’

திருமலை ரீச்சர், ஓய்வு:

ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் மகள். அனுப்புங்கள்.