மலையில் மாரத்தான் ஓட வடசென்னையில் எங்கே பழகுவது?

வணக்கம் நண்பர்களே. திருவொற்றியூரில் இருக்கிறேன். அடுத்த வருஷம் ஏற்காடு பக்கம் மலைப்பாதையில் 42.195 கிலோமீட்டர் ஓட ஆசை. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். நம் பக்கமோ சுத்தமான சமதளம். மேம்பாலம்தான் நமக்கு ஏற்றம், அதிலும் கன்டெய்னர் லாரி நடுவே ஓட முடியாது. விடியற்காலையில் பாதுகாப்பாக ஏறி இறங்க எந்தப் பாலம் நல்லது? வாரம் ஒருமுறை பரங்கிமலை போனால் போதுமா?

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடந்துகொள்ளலாம். இறக்கம்தான் கவலை. தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்க வேண்டும். பழகாத காலுக்கு இரண்டு நாள் கழித்துப் படி இறங்குவதுகூடக் கஷ்டம். அதற்கு என்ன பயிற்சி செய்தீர்கள்?

அப்புறம் முக்கியமான விஷயம். என் மனைவி, மச்சான், காசிமேட்டு நண்பர்கள் எல்லோரும் பைக்கில் வருகிறார்கள். உப்பு போட்ட மோர், கடலை மிட்டாய், மாற்று சாக்ஸ் அவர்கள் பொறுப்பு. அவர்கள் வருவதுதான் எனக்குப் பெரிய தைரியம். கொண்டை ஊசி வளைவில் வண்டி நிறுத்துவது ஆபத்து. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எந்த மாதிரி இடத்தில் நிற்கச் சொல்லலாம்? மலையில் ஓடியவர்கள், கூடப் போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.