பிஸ்பீனால்-ஏயும் போதை நாட்டமும்: எலிச் சான்றை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்?

வெண்ணிலா:
பாலிகார்பனேட் என்ற கடின பிளாஸ்டிக் பாத்திரங்களிலும் உணவு டின்களின் உட்பூச்சிலும் உள்ள பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள், உடலில் பெண் பாலியல் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் என்பது 1936-லேயே தெரிந்துவிட்டது. டோக்கியோவின் ஹோஷி பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில், தாய்ச் சுண்டெலிகளின் தீவனத்தில் இதைக் கலந்து கொடுத்து, அவற்றின் குட்டிகளைச் சோதித்தார்கள். ஓர் அறையில் போதை தரும் வலிநிவாரணியான மார்பினும் மற்றோர் அறையில் உப்புநீரும் ஊசியாகப் போட்டுப் பழக்கி, பிறகு இடையிலுள்ள தடுப்பை எடுத்ததும், அந்தக் குட்டிகள் மற்றவற்றைவிட மார்பின் அறையையே அதிகம் நாடின. மெத்தாம்பெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருளிலும் இதே போக்குத்தான். போதை நாட்டத்தின் வேர்களில் ஒன்று கருவறையில் இருக்கலாம் என்பதை நாம் ஏன் பேசுவதில்லை?

மருதன்:
சோதனையை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் தாவும் தூரத்தைத்தான் மறுக்கிறேன். நாம் விழுங்கும் பிஸ்பீனால்-ஏயைக் குடலும் கல்லீரலும் செயலிழக்கச் செய்து, சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேற்றிவிடுகின்றன. எலி ஓர் அறையில் தங்குவதும், வேலையும் குடும்பமும் சிதைந்த மனிதர் மீண்டும் மீண்டும் போதையைத் தேடுவதும் ஒன்றல்ல. மகனை மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம், அவர் கர்ப்பகாலத்தில் சாப்பிட்ட டப்பாவைக் காரணமாகச் சொல்வது கொடுமை.

வெண்ணிலா:
அந்தத் தாயைக் குறை சொல்லக் கூடாது என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன், ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன கல்லீரல் வளர்ந்தவருடையது. கருவிலுள்ள சிசுவுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இன்ப நாட்டத்தோடு தொடர்புடைய மூளையின் டோபமின் பாதைகள் உருவாகத் தொடங்குவதும் அப்போதுதான்; அவற்றின் செயல்பாட்டை ஈஸ்ட்ரோஜன் மாற்றுகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இதன் அன்றாட ஏற்பளவை, அதாவது ஒருவர் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று கருதும் அளவை, முந்தையதைவிட 20,000 மடங்கு குறைத்ததை எப்படிப் புறந்தள்ளுவது?

மருதன்:
அந்தக் குறைப்புக்கு அடிப்படை நோய் எதிர்ப்பு மண்டலத்தில் கண்ட விளைவு, போதை அல்ல. பிஸ்பீனால்-ஏயைக் கட்டுப்படுத்த அதுவே போதுமான காரணம். நிறுவப்படாத தொடர்பை அதற்குத் துணை சேர்த்தால், நாளை அது பொய்த்துப்போகும்போது நல்ல காரணத்தையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

வெண்ணிலா:
அடிப்படை பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆயினும் கேள்வியைக் கைவிட மாட்டேன். பில் தாளில் பூசப்படும் பிஸ்பீனால்-ஏயை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. இங்கே நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் கல்லாவில் அமர்ந்து, நாள் முழுவதும் அத்தகைய தாளை வெறுங்கையால் கிழித்துக் கொடுக்கிறார். அவருடைய குழந்தைக்கு என்ன ஆகிறது என்று வளரும்வரை தொடர்ந்து பார்க்கும் ஆய்வைத்தான் நான் கேட்கிறேன்.