வீட்டு பீர்: ஏர்லாக்கில் (கேஸ் வெளியேறும் அடைப்பான்) குமிழி நின்றுவிட்டது, அடர்த்தி அளவு 1.020-லேயே நிற்கிறது. பாட்டிலில் அடைக்கலாமா?

புதுமுகம்_மெல்பர்ன்

வணக்கம். முதல் முறையாக கிட் வாங்கி வீட்டில் பீர் போட்டிருக்கிறேன். முழு விவரமும் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

1.7 கிலோ மால்ட் (முளைகட்டிய பார்லிச் சாறு) டின், லாகர் வகை, 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (ஒரு சர்க்கரை), தண்ணீரோடு மொத்தம் 23 லிட்டர். டின் மூடிக்கு அடியில் இருந்த ஈஸ்ட்டை 24 டிகிரியில் தூவினேன். ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் மிதவை; சர்க்கரை குறையக் குறைய அளவும் இறங்கும்) ஆரம்ப அளவு 1.038. மறுநாளே நுரை பொங்கி, ஏர்லாக் நன்றாகக் கொப்புளித்தது. நான்காம் நாள் குமிழி நின்றுவிட்டது. நேற்று ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டியது, இன்றும் அதே 1.020. ஃபெர்மென்டர் (நொதிக்கும் பாத்திரம்) கராஜில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜூலைக் குளிர், பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைப் பட்டை காலையில் 13 காட்டுகிறது.

இரண்டு நாள் ஒரே அளவு வந்தால் அடைக்கலாம் என்று கிட்டோடு வந்த தாளில் இருக்கிறது. கழுவின கண்ணாடி பாட்டில்கள் தயார். இன்றிரவே அடைக்கலாமா?

பிரிஸ்பேன் குமார்

ஈஸ்ட் செத்திருக்கும். இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டும் அரைக் கிலோ சர்க்கரையும் போட்டுப் பாருங்கள், திரும்பக் கிளம்பிவிடும்.

ஜீலாங் அண்ணை

தம்பி, தயவுசெய்து இன்றைக்கு அடைக்காதீர்கள். குமார், சர்க்கரை இப்போது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே உள்ள சர்க்கரையையே ஈஸ்ட் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

இரண்டு நாள் ஒரே அளவு என்பது பாதி விதிதான். அந்த அளவு முடிய வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸ் போட்ட கிட் சாதாரணமாக 1.008 முதல் 1.012-க்குள் வந்து முடியும். உங்களுடையது 1.020-இல் நிற்கிறது. முடியவில்லை, குளிரில் உறங்கிவிட்டது.

டின்னில் லாகர் (குளிரில் நொதிக்கும் பீர் வகை) என்று இருந்தாலும், பெரும்பாலான கிட்களில் உள்ளே வருவது ஏல் ஈஸ்ட். அதற்கு 18 முதல் 22 டிகிரி வரை வேண்டும். முதல் இரண்டு நாள் நொதிக்கிற சூட்டிலேயே அது தாக்குப்பிடித்திருக்கும். வேகம் குறைந்ததும் கராஜ் குளிர் உள்ளே இறங்கியிருக்கும், ஈஸ்ட் அடியில் படிந்திருக்கும்.

இதை இப்போது அடைத்தால் என்ன ஆகும்? கேஸ் ஏறுவதற்காக நாம் போத்தலில் போடுகிற சர்க்கரை லிட்டருக்கு 8 கிராம் அளவுதான். உங்கள் பீரில் மிச்சம் இருப்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வெயில் வந்து ஈஸ்ட் விழித்தால் கண்ணாடி வெடிக்கும். அலமாரிக்குள் வெடித்தால் துடைத்துவிடலாம், கையில் பிடித்திருக்கும்போது வெடித்தால் கண் போகும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இது. ஃபெர்மென்டரை வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரு கம்பளியைச் சுற்றுங்கள். ஹோம்ப்ரூ (வீட்டு பீர் சாமான்) கடையில் சூட்டுப் பட்டி கிடைக்கும், அது இருந்தால் இன்னும் நல்லது. 20 டிகிரிக்கு மெதுவாக வரட்டும். மூடியைத் திறக்காமல் பாத்திரத்தை மெல்லச் சுழற்றிவிடுங்கள், படிந்த ஈஸ்ட் மேலே வரும். குலுக்க வேண்டாம், காற்று கலந்தால் ருசி அட்டை மாதிரி ஆகிவிடும். பிறகு காத்திருங்கள்.

அடிலெய்ட் மீனா

அண்ணை சொன்னதோடு ஒன்று. ஹைட்ரோமீட்டரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். 20 டிகிரி வெறும் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும். 1.004 காட்டினால் உங்கள் எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். மாதிரி எடுத்ததும் கருவியை ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும். மாதிரியைத் திரும்ப உள்ளே ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். எடுத்த பிறகு குழாயின் வாயில் சானிடைசர் அடித்துவிடுங்கள்.

ஏர்லாக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூடி ரப்பரில் சிறு கசிவு இருந்தாலே குமிழி வராது. நொதித்து முடிந்த பிறகும் அறை சூடானால் குமிழி வரும்.

சென்னை வாசகன்

படிக்க ஆசையாக இருக்கிறது. இந்த கிட்டை இங்கே வரவழைத்து வீட்டில் போடலாமா?

அடிலெய்ட் மீனா

வேண்டாம் சார். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். இங்கே ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்கு பீர் போட அனுமதி உண்டு, விற்கக் கூடாது. சாராயம் காய்ச்சுவது இங்கேயும் தடைதான்.

புதுமுகம்_மெல்பர்ன்

எல்லோருக்கும் நன்றி. தண்ணீரில் 1.000 சரியாகக் காட்டியது. ஹாலுக்குக் கொண்டுவந்து கம்பளி சுற்றினேன், பட்டை 20 காட்டியதும் மறுபடி நுரைத்தது. அளவு 1.016, அப்புறம் 1.011, இப்போது இரண்டு நாளாக 1.010. ஆனால் மாதிரியில் பச்சை ஆப்பிள் வாசனை வருகிறது. கெட்டுவிட்டதா?

ஜீலாங் அண்ணை

கெடவில்லை. அது அசிடால்டிஹைடு, இளம் பீரில் வருவதுதான். ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதே சூட்டில் இன்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வினிகர் புளிப்போ, மேலே தோல் மாதிரிப் படலமோ இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அது வேறு கதை.

அடைக்கும்போது, முதல் தடவை என்பதால் கண்ணாடியை விட்டுவிட்டு பீருக்கான பிளாஸ்டிக் போத்தல் வாங்குங்கள். கேஸ் ஏறுவதை விரலால் அழுத்தியே பார்க்கலாம், கல் மாதிரி இறுகினால் ஏறிவிட்டது. 750 மில்லிக்கு ஹோம்ப்ரூ கடையில் விற்கும் சர்க்கரை வில்லை இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். சலவை ப்ளீச்சில் கழுவியிருந்தால் நன்றாக அலசுங்கள், மிச்சம் இருந்தால் மருந்து நெடி வரும். கழுவாமல் விடக்கூடிய சானிடைசர் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

புதுமுகம்_மெல்பர்ன்

சரி அண்ணை, பிளாஸ்டிக்கே வாங்குகிறேன். கடைசியாக ஒன்று: அடைத்ததும் கராஜில் வைக்கலாமா? ஆல்கஹால் எவ்வளவு வந்திருக்கும்?

அடிலெய்ட் மீனா

கராஜ் வேண்டாம். போத்தலுக்குள்ளும் அதே ஈஸ்ட்தான் வேலை செய்கிறது, 18 டிகிரிக்குக் குறையாமல் இருட்டில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு எங்கே வைத்தாலும் சரி. 1.038-இலிருந்து 1.010-ஐக் கழித்து 131-ஆல் பெருக்கினால் 3.7 சதவீதம் வருகிறது. போத்தல் சர்க்கரையால் கிட்டத்தட்ட அரை சதவீதம் கூடும், ஆக 4.2 பக்கம்.