அறுபது பேருக்குச் சமைக்கப் பாத்திரம் தேவை: நிபோங் திபால், பினாங்கு (மலேசியா)

வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் பாட்டியின் 80ஆவது பிறந்தநாளுக்கு உறவினர்கள் கூடுகிறார்கள். கோலாலம்பூர், ஈப்போவிலிருந்து வருபவர்களையும் சேர்த்தால் அறுபது பேருக்குக் குறையாது. புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் முழுக்கச் சைவம்.

வெளியில் சாப்பாடு சொல்லிவிடலாம் என்கிறார் சித்தப்பா. பாட்டிக்கு மனமில்லை. வீடு தேடி வந்தவர்களுக்கு நம் அடுப்பில் பொங்கிய சோறுதான் போட வேண்டும் என்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மோர்மிளகாயை இப்போதே முறத்தில் பரப்பிக் காயவைத்துவிட்டார். கொல்லையில் செங்கல் அடுக்கி விறகடுப்பு மூட்டப் போகிறோம். ஆனால் பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் மழை கொட்டும் மாதங்கள். அதுதான் கவலை.

புக்கிட் மெர்தாஜாம், பாரிட் புந்தார் வட்டாரத்தில் சோற்று அண்டா, சாம்பார்க் குண்டான், அடுப்புக்கு மேல் போட ஒரு பந்தல் ஆகியவற்றை வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்களா? பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று கணக்குப் போட்டிருக்கிறேன்; இலை போட்டுப் பரிமாறும்போது அது போதுமா? விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகிய அக்காமார்கள் சொல்லுங்கள்.

பாய், தலையணையைப் பக்கத்து வீடுகளில் கேட்டு வைத்துவிட்டோம். வாழை இலை கொல்லையிலேயே இருக்கிறது. பாத்திரமும் பந்தலும்தான் அவசரம்.